ஒரு நாளைக்கு என்ன விலை

அக்கா விலை கேட்கத் தொடங்கினால் அவருடைய கணவர் பத்து அடி தள்ளிப் போய் நிற்பார். ஒன்பது அடியும் இல்லை, பதினொன்றும் இல்லை. இருபது வருட மணவாழ்வில் அளந்து கண்டுபிடித்த தூரம் அது. அங்கே நின்றால் மனைவியின் குரல் கேட்கும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு இவர் யாரோ, அந்தப் பெண் யாரோ.

எனக்கு அக்கா உறவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர் நாட்டில், வோபர்னில் ஒரே தொடர்மாடியில், ஏழாவது தளத்தில், எதிரெதிர்க் கதவு. எனக்கு முப்பது வயது, அவருக்கு நாற்பத்திரண்டு. அந்தப் பன்னிரண்டு வருட வித்தியாசம் அவரை அக்காவாகவும், அவர் கணவரை அண்ணையாகவும், என்னைத் தம்பியாகவும் ஆக்கியது. நான் ஒரு கம்பளக் கடையில் விநியோக வேலை பார்த்தேன். அதனால் என்னிடம் கம்பளம் ஏற்றும் வான் வண்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வான் அக்காவுக்குச் சொந்தம்.

ஒருமுறை யூனியன்வில்லில் யாருடையதோ பிறந்தநாள் விழாவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் புது வீடுகள் கட்டும் இடத்தில் கொடிகள் பறந்தன. மாதிரி வீடு, உள்ளே வந்து பாருங்கள் என்று பலகை.

"தம்பி, வானை நிப்பாட்டும்," என்றார் அக்கா.

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவர் போல இருந்தார். அக்காவும் நானும் என் மனைவியும் உள்ளே போனோம். விற்பனைப் பெண் எங்களைப் பார்த்தவிதத்திலேயே எங்கள் வாடகை எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. அக்காவுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியும் பொருட்படுத்தவில்லை. வீட்டின் விலை, வரி, முற்பணம் எல்லாம் கேட்டு, அவள் போட்ட வரிக் கணக்கில் ஒரு பிழையையும் திருத்தினார். பிறகு வரவேற்பறையில் சுவிட்சைத் தட்டினால் எரியும் கணப்படுப்பின் முன்னால் நின்று, தன்னுடைய ஆங்கிலத்தில், இந்த நெருப்பு எங்களுக்கு வேண்டாம் என்றால் விலையில் எவ்வளவு குறையும் என்று கேட்டார். அந்தப் பெண் அப்படி ஒரு கேள்வியைக் கேள்விப்பட்டதில்லை. உள்ளே போய் யாருக்கோ தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்து ஒரு தொகை சொன்னாள். சொல்லும்போது எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள். வரும்போது அக்காவின் கையில், கடதாசியில் சுற்றிய மூன்று பிஸ்கட் இருந்தது. வானில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு.

"வாங்கிற எண்ணம் இருக்கோ அக்கா?" என்று கேட்டேன்.

"விசரோ உமக்கு? நாங்கள் எங்கை உதை வாங்கிறது?"

"அப்ப ஏன் கேட்டனீங்கள்?"

"விலை தெரியாமல் ஒரு சாமானை எங்களுக்கு எட்டாது எண்டு சொன்னால், அது பயம் தம்பி. விலை தெரிஞ்சு சொன்னால் அது கணக்கு. எனக்குக் கணக்கு ஓம், பயம் ஏலாது."

இப்படி அவர் விலை கேட்ட பொருட்களைப் பட்டியலிட்டால் ஒரு பெரிய கடை வைக்கலாம். நகரத்துக்குள் ஒரு கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்த பியானோ. வாவியில் ஓடும் பாய்மரப் படகு. அதில் இருந்தவரையே கூப்பிட்டுக் கேட்டார். ஒரு மரணச்சடங்கு மண்டபத்தில், இறந்தவருக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பி, வாசலில் நின்ற முகாமையாளரிடம் பெட்டிகளின் விலை கேட்டார். என் மனைவி என்னைக் கிள்ளினாள், நான்தான் கேட்டது போல. அண்ணை வாகனத் தரிப்பிடத்துக்கே போய்விட்டார்.

அதற்கு நாலு மாதம் கழித்து எங்கள் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் இருந்த ஒருவர் வேலைக்குப் போன இடத்தில் விழுந்து இறந்துபோனார். மனைவிக்கு ஆங்கிலம் குறைவு. இரண்டு சின்னப் பிள்ளைகள். அக்காதான் கூடப் போனார், நான் வான் ஓட்டினேன். அதே மண்டபம். பித்தளைக் கைபிடி போட்ட பெட்டியை முன்னால் வைத்து விற்பனையாளர் மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார். அக்கா அவர் முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு, பின்னாலே இரண்டாவது அறையில் இடப்பக்கச் சுவரோடு ஒரு பெட்டி இருக்கிறதே, அதைக் காட்டுங்கள் என்றார். பித்தளைக் கைபிடிப் பெட்டியின் விலையில் பாதிகூட இல்லாத பெட்டி அது. அதைத்தான் எடுத்தோம். அன்றைக்கு அண்ணையும் வந்திருந்தார். தள்ளி நிற்கவில்லை.

அக்கா வேலை செய்தது ஒரு கடைத்தொகுதிக்குள், ஒரு மணி நேரத்தில் படம் கழுவிக் கொடுக்கும் இடத்தில். நாள் முழுக்க மற்றவர்களின் பிறந்தநாள், கலியாணம், பூப்பு நீராட்டு, நயாகரா நீர்வீழ்ச்சி. வோபர்னில் யார் வீட்டில் புது சோபா, யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் அவருக்குப் படத்திலேயே தெரியும். ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. அவருடைய ஒரே துக்கம் கண்கள்.

"பத்துப் படத்துக்கு நாலு படத்தில ஆரோ கண் மூடியிருக்கினம்," என்பார். "போன கிழமை ஒரு கலியாணம். தாலி கட்டிற படத்தில பொம்பிளை கண்ணை மூடியிருக்கிறா. தாயார் என்னட்டைச் சண்டைக்கு வாறா. நான் என்ன செய்ய? திரும்பக் கட்டச் சொல்லுறதோ?"

கலியாணப் படம் எடுப்பவர் ஒருவர் பெரிய கமெராவில் எடுத்த சதுரமான ஃபிலிம்களைக் கொண்டுவருவார். அதை அந்தக் கடையில் கழுவ முடியாது. வெளியே அனுப்பி எடுப்பார்கள். திரும்பி வந்ததும் அக்கா அதை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து உருப்பெருக்கியால் பார்ப்பார். வழக்கமான ஃபிலிமைப்போல மூன்று நாலு மடங்கு பெரியது. "கடைசி வரிசையில இருக்கிற ஆளின்ரை பொக்கற்றில குத்தியிருக்கிற பேனையும் தெரியுது தம்பி. ஆனால் அந்த ஆளும் கண் மூடித்தான் இருக்கிறார்."

ஆகவே, நகரத்துக்குள் நடந்த கமெராக் கண்காட்சிக்கு இலவச அனுமதிச் சீட்டு கடைக்கு வந்தபோது அக்கா என்னையும் அண்ணையையும் இழுத்துக்கொண்டு போனதில் வியப்பில்லை. அங்கேதான் அதைக் கண்டார்.

சதுரப் படம் எடுக்கும் அதே பெரிய கமெரா. ஆனால் ஃபிலிம் இருக்கவேண்டிய முதுகில் ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து தடித்த வயர் ஒன்று கணினிக்குப் போனது. எதிரே ஒரு தட்டில் கொடிமுந்திரிகைக் குலையும் பேரிக்காயும். விற்பனையாளர் படம் எடுத்தார், வெளிச்சம் இரண்டு மூன்று தரம் வெட்டியது, கொஞ்ச நேரத்தில் திரையில் பழத்தட்டு வந்தது. அவர் ஒரு முந்திரிகையைப் பெருப்பித்தார். அதன்மேல் ஒரு நீர்த்துளி. நீர்த்துளியைப் பெருப்பித்தார். அதற்குள், வெளிச்சத்தைப் பரப்புவதற்கு மேலே கட்டியிருந்த வெள்ளைக் குடை சின்னதாகத் தெரிந்தது.

அக்கா திரைக்குக் கிட்டப்போய் அந்தத் துளியைப் பார்த்தார். 

"கண் மூடினால் அங்கையே தெரிஞ்சிடும்," என்றார் பிறகு, தனக்குத்தானே. "அங்கையே திரும்ப எடுக்கலாம்."

பிறகு விலை கேட்டார். அண்ணை தன் பத்து அடிக்குப் போனார். விற்பனையாளர் தொகையைச் சொன்னபோது அண்ணை அந்தப் பத்து அடியையும் விட்டுக் கழிப்பறைப் பக்கம் நடந்தார். அந்தக் காசுக்கு என்னுடையதைப் போல இரண்டு புது வான் வாங்கலாம். அக்கா தக்காளி விலை கேட்டவர் போலத் தலையாட்டினார்.

"சரி. ஒரு நாளைக்கு என்ன விலை?"

விற்பனையாளர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தி, மேசை லாச்சியைத் திறந்து, கமெரா வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றின் முகவரி அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று கிழமைக்குள் அக்கா பன்னிரண்டு குடும்பங்களைச் சேர்த்துவிட்டார். ஒரு நாள் வாடகையைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்குக் கலியாணப் படக்காரர் கேட்பதில் பாதிதான். கையொப்பமும் பிணைப்பணமும் அக்காவுடையது. அண்ணையும் அவரும் கோடைக்கு எங்கேயாவது போக என்று சேர்த்துவைத்த காசு. குடும்பங்கள் பின்வாங்கினால் அந்தக் காசிலிருந்துதான் வாடகை போகும். பக்கத்துத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தைப் பாதர் சும்மா தந்தார். தன்னையும் ஒரு படம் எடுக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. வெளியே உருகிய பனிச்சேறு. உள்ளே பட்டுச் சேலை. வாடகைக் கடைத் தொழில்நுட்பவியலாளர் கமெராவோடும் கணினியோடும் வந்து இறங்கினார். ஐம்பது வயது, நரைத்த குடுமி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர். மண்டபத்தைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்ட குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் ஏதோ ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் யாரும் கேட்காததால் அவர் சொல்லவில்லை.

முதல் குடும்பம் ஏழு பேர். அக்கா பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் வெட்டியது. எல்லோரும் எழும்பப் போனார்கள். கமெராவின் முன்னால் நிறக் கண்ணாடிகள் பதித்த ஒரு சக்கரம் கர்ரென்று திரும்பியது, மறுபடி வெட்டியது. மறுபடி திரும்பியது, மூன்றாம் முறையும் வெட்டியது. திரையில் படம் வந்தது. தகப்பன் நன்றாக இருந்தார். தாய்க்கு ஒரு கண் திறந்தும் ஒரு கண் பச்சையாகவும் இருந்தது. கடைசிக் குழந்தைக்கு மூன்று முகம்: சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று.

அப்போதுதான் அக்கா கேட்டார், தொழில்நுட்பவியலாளர் சொன்னார். நிறப்படம் வேண்டுமென்றால் இந்தப் பெட்டி மூன்று தரம் எடுக்கும். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கும். அதுவரை யாரும் அசையக்கூடாது. இது கைக்கடிகாரம், சப்பாத்து, பழம் எடுக்கிற கருவி.

மண்டபத்தில் முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு முணுமுணுப்பு. "உதைவிட என்ரை கைக் கமெரா நல்லம்," என்று ஒருவர் கோட்டைப் போடத் தொடங்கினார். இன்னொரு குடும்பம் தங்கள் பங்கைத் திருப்பிக் கேட்டது.

"கறுப்பு வெள்ளையில எடுத்தால் ஒரு தரம் போதாதோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"கறுப்பு வெள்ளை செத்தவைக்குத்தான் போடுறது," என்றது ஒரு பெண் குரல். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்கா அண்ணையைப் பார்த்தார். அண்ணை போய் மண்டபக் கதவைச் சாத்தி, கோட்டுப் போட்டவரிடம் ஒரு கோப்பை தேநீரைக் கொடுத்தார். அக்கா ஒரு கதிரையை இழுத்துச் சுவரோடு வைத்து தானே அதில் உட்கார்ந்து பார்த்தார். தலையைச் சுவரில் சாய்த்தார். பிறகு எழும்பி மேடையில் ஏறினார்.

"எல்லாரும் கேளுங்கோ. பழம் இருக்கேலும் எண்டால் எங்களாலையும் இருக்கேலும். கைக்குழந்தையள் உள்ளவை முதல் பாலைக் குடுத்து நித்திரையாக்குங்கோ. நித்திரையானபடி எடுப்பம். மற்றவை கதிரையைச் சுவரோடை போட்டுத் தலையைச் சாயுங்கோ. மூச்சை விட்டிட்டு நிப்பாட்டுங்கோ. அந்தா அந்தோனியார் நிக்கிறார். அவரைப் பாத்து, அவரைப் போல இருங்கோ."

அந்தோனியார் சிலையாய் மூலையில், கையில் குழந்தையோடு, அசையாமல் நின்றார். சைவக்காரரும் வேதக்காரரான கிறிஸ்தவர்களும் ஒருமித்து அவரைப் பார்த்தார்கள். மண்டபம் அன்றைக்கு ஒரு தாலாட்டுக் கூடமாகிவிட்டது. நித்திரையான குழந்தையின் குடும்பம் அடுத்தது என்பதுதான் வரிசை. பத்து மணிக்கு ஒரு குழந்தை தூங்கிவிட, அடுத்ததாகத் தன் குழந்தையைத் தூங்கவைக்க இரண்டு தாய்மாருக்குள் போட்டி நடந்தது. மத்தியானத்துக்குள் ஐந்து குடும்பம் முடிந்தது. திரையில் சேலைக் கரையின் இழையை எண்ணலாம். ஒரு பெண் தன் அட்டியலில் ஒரு கண்ணி அறுந்திருப்பதைத் திரையில் கண்டுபிடித்தார். இன்னொருவர் தன் கணவரின் காதுமயிரைப் பார்த்துவிட்டு, அடுத்த படத்துக்கு முன் அவரைக் கத்திரிக்கோலோடு கழிப்பறைக்கு அனுப்பினார். பாதர் மட்டும் பிழை விடாமல் முதல்தரத்திலேயே அசையாமல் இருந்தார். பழக்கம் என்றார்.

பத்தாவதாக எங்கள் முறை. என் மாமா, அதாவது மனைவியின் தகப்பனார், ஊரிலிருந்து வந்து ஒரு வருடம். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவர். அடிமட்டம் வைக்காமல் நேர்கோடு கீறுவார் என்று மனைவி சொல்லுவாள். எங்களிடம் வந்தபோது இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. மருந்து எடுத்தார், பெரிதாகக் குறையவில்லை. ஆட்கள் முன்னால் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொள்வார்.

எங்கள் குடும்பப் படத்தில் எல்லோரும் நன்றாக இருந்தோம். மாமாவின் சால்வை மட்டும் மூன்று நிறத்தில் கலங்கிப்போய் இருந்தது. இரண்டாம் தரம் எடுத்தபோது சால்வை நழுவி, கைகள் வெளியே தெரிந்தன. சிவப்பில் இரண்டு, பச்சையில் இரண்டு, நீலத்தில் இரண்டு.

மாமா திரைக்குக் கிட்டப்போய்ப் பார்த்தார். "என்னை ஆறு கையாக்கிப் போட்டீர் பிள்ளை," என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். என் மனைவி வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா இருங்கோ அங்கிள்."

"வேண்டாம் பிள்ளை. நான் இல்லாமல் அவையை எடும். நான் இருந்தால் படம் பழுதாப் போம்."

"அவையை எடுத்தாச்சு. இப்ப உங்களைத் தனிய."

அக்கா தொழில்நுட்பவியலாளரிடம் போய், சக்கரத்தை நிறுத்தி ஒரே தரம் எடுத்தால் கை நடுங்குவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் அவர். நிறம் வராது; ஆனால் இந்த வெளிச்சம் வெட்டும் நேரம் மிகக் குறைவு. அதற்குள் எந்தக் கையும் நகர முடியாது. ஏன் இதைக் காலையில் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார். நீங்கள் கேட்கவில்லை என்றார் அவர். அக்காவின் முகம் சுண்டிப்போனதை அன்றுதான் கண்டேன். வாழ்க்கையில் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

மணி மூன்றரை. நாலுக்கு எல்லாவற்றையும் கட்டவேண்டும். இன்னும் இரண்டு குடும்பம் சேலை கசங்காமல் காத்திருந்தது. அக்கா அவர்களிடம் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு, மாமாவைத் தனியாகக் கதிரையில் இருத்தினார். மாமா வழமைபோல் கையைச் சால்வைக்குள் இழுத்தார். அக்கா குனிந்து, "கையை முழங்காலிலை வையுங்கோ அங்கிள். வெளியிலை," என்றார். மாமா கைகளை வெளியே எடுத்து வைத்தார். இரண்டு கையும் முழங்காலில் துடித்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு தரம் வெட்டியது. அக்கா திரையைப் பார்த்தார், தலையாட்டினார். எங்கள் யாருக்கும் காட்டாமல் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.

பன்னிரண்டு குடும்பமும் தங்கள் பங்கைக் கொடுத்தன. கோட்டுப் போட்டவர் இரண்டு படத்துக்குக் கொடுத்தார். அக்கா அந்தக் கமெராவை ஒருநாளும் வாங்கவில்லை. ஆனால் அதே வாடகைக் கடைக்கு அடிக்கடி போய்க் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததில், அடுத்த வருடம் அவர்களே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அண்ணைக்கும் ரெக்ஸ்டேல் பக்கம் வேலை கிடைத்து, அங்கே வீடு மாறிப் போனார்கள். எதிர்க் கதவுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் எதற்கும் விலை கேட்காத, நல்ல அமைதியான மனிதர்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுபோயின.

அதற்கெல்லாம் முந்தி, மண்டபத்தில் படமெடுத்து மூன்று கிழமை கழித்து ஒரு பின்னேரம், பெரிதாக அச்சடித்த படத்தை உருளைக்குள் வைத்துக்கொண்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா வாங்கிப் பிடித்தபோது தாள் நடுங்கியது. அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மூலைகளில் நாலு கோப்பை வைத்தோம். மாமா கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். முகத்தை அவர் பார்க்கவேயில்லை. கைகளைத்தான் பார்த்தார். ஒவ்வொரு நரம்பும், நகத்தின் கோடுகளும், நடுவிரலில் பேனை பிடித்த காய்ப்பும் தெரிந்தன. கைகள் கல்லில் கொத்தியவை போல முழங்காலின்மேல் கிடந்தன.

"உது எவ்வளவு நேரத்தில எடுத்தது பிள்ளை?"

"ஒரு வெளிச்சம்தான் அங்கிள். கண் வெட்ட முந்தி முடிஞ்சுது."

மாமா படத்தில் இருந்த விரலைத் தொட்டார். "அப்ப அவ்வளவு நேரமும் என்ரை கை ஆடாமல் இருந்திருக்கு."

தொழில்நுட்பவியலாளர் சொன்னதை அக்காவும் நானும் கேட்டிருந்தோம். கை நிற்கவில்லை, வெளிச்சம்தான் அதைவிட விரைவு. யூனியன்வில் விற்பனைப் பெண்ணின் வரிக் கணக்கையே திருத்திவிட்டு வந்தவர் அக்கா. பிழையான கணக்கை அவர் ஒருவரிடமும் விட்டுவைத்ததில்லை. வாயைத் திறந்தார். பிறகு படத்தின் சுருண்ட ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"ஓம் அங்கிள்," என்றார். "இருந்தது."

மாமா தலையாட்டினார். சால்வையை எடுத்துக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு, என் மனைவி கொண்டுவந்த தேநீரை இரண்டு கையாலும் வாங்கினார். பாதி சோசரில் ஊற்றுண்டது. கோப்பையில் இருந்ததைக் குடித்து முடித்தார். பிறகு சோசரைத் தூக்கி அதையும் குடித்தார்.